களிம்பும் கன்னமும்

இரவு வினிகரில் ஊறப்போட்ட ரேசரைக் காலையில் எடுத்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருந்தது. உள்ளே போடும்போது அது நிக்கல் முலாம் பூசிய, அழுக்கேறிய, மற்றபடி உருப்படியான ஒரு பழைய ரேசர். இப்போது முலாம் அங்கங்கே வெயிலில் காய்ந்த சுண்ணாம்பு போல எழும்பி நின்றது. அரை மணி நேரம் ஊறினால் போதும் என்று படித்திருந்தேன். அரை மணியில் பாதி அழுக்கு போகுமென்றால் எட்டு மணி நேரத்தில் முழுசும் போய்விடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். முழுசும்தான் போனது.

நிறம் மாறியதன் காரணம் பிறகுதான் புரிந்தது. முலாமுக்கு அடியில் இருப்பது பித்தளை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் முந்திக்கொண்டு கரைந்துவிடும், மேலே செம்பு மட்டும் மிஞ்சும். அந்தச் செம்பின் நிறம்தான் நான் பார்த்தது. முலாமோ மிக மெல்லியது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அமிலம் அவற்றின் வழியாக உள்ளே புகுந்து, பித்தளையைத் தின்று, முலாமைக் கீழிருந்து தூக்கிவிடும். மேலே என்னதான் பளபளவென்று இருந்தாலும் கீழே பிடிமானம் போய்விட்டால் அவ்வளவுதான்.

நல்லவேளையாக, வாங்கிய பழைய டப்பாவில் இரண்டு ரேசர்கள் இருந்தன. இந்தக் கதை இரண்டாவதைப் பற்றியது.

சேஃப்டி ரேசர் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது இரண்டு பக்கமும் கூர் உள்ள, நடுவில் துளை போட்ட, விரலால் வளைக்கக்கூடிய பிளேடு. நான் சொல்லும் ஜாதி வேறு. இதில் பிளேடுக்கு ஒரு பக்கம்தான் கூர். மறுபக்கம் ஒரு உலோகப் பட்டையை மடித்து அழுத்தி முதுகு போட்டிருப்பார்கள். கண்ணாடியில் ஒட்டிய பெயின்ட்டைச் சுரண்டுவார்களே, பார்ப்பதற்கு அந்த பிளேடு மாதிரியே இருக்கும். இந்த "மாதிரியே" எனக்குப் பின்னால் ஒரு பாடம் எடுத்தது. அது வரட்டும்.

இந்தக் குடும்பத்தில் மூத்தது ஸ்டார் ரேசர். நியூயார்க்கில் கேம்ப்ஃபே சகோதரர்கள் 1880-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். சவரக்கத்தியிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, முன்னால் காப்பு வைத்த சிறு பெட்டிக்குள் செருகியது போல இருக்கும். வழித்த நுரை போய்ச் சேர்வதற்குத்தான் பெட்டி. பிளேடைத் தூக்கி எறிய முடியாது. கத்தியைப் போலவே தோல்வாரில் தீட்டித் தீட்டித்தான் ஓட்ட வேண்டும். தீட்டவே வேண்டாம், தேய்ந்தால் எறிந்துவிடு என்ற யோசனையை உலகத்துக்கே விற்றவர் கிங் கேம்ப் ஜில்லெட். அவருடைய நிறுவனம் 1903-இல், அதாவது விற்பனை தொடங்கிய ஆண்டில், விற்றது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஒற்றை விளிம்புக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஜெம், எவர்-ரெடி போன்ற பெயர்களில் அவர்களும் தூக்கி எறியும் பிளேடுக்கு மாறினார்கள். ஸ்டார், ஜெம், எவர்-ரெடி மூன்றும் நாளடைவில் அமெரிக்கன் சேஃப்டி ரேசர் என்ற ஒரே நிறுவனத்தின் குடைக்கீழ் வந்தன. மாலையில் முகத்தில் படியும் கருமைக்கு ஆங்கிலத்தில் "ஐந்து மணி நிழல்" என்று ஒரு பெயர் உண்டல்லவா, அதைப் பரப்பியது 1930-களில் வந்த ஜெம் பிளேடு விளம்பரங்கள்தான். ஒரு ஆளின் தாடியைப் பார்த்து அவனுக்கு வேலை கிடைக்காது, பெண் கிடைக்காது என்று பயமுறுத்துவது விளம்பரத்தில் அன்றே தொடங்கிவிட்டது.

என்னிடம் இருப்பது எவர்-ரெடி. சேகரிப்பவர்கள் இந்த வகையை "1912" என்றே அழைக்கிறார்கள். காப்புரிமைத் தேதியில் உள்ள ஆண்டு அது. ரேசர் அந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பொருள் இல்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இதே வடிவம் வந்துகொண்டிருந்தது. இதைத் தெரிந்துகொள்ளும் வரை நானும் நூறு வயதைத் தாண்டிய ஒன்று கையில் இருக்கிறதென்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அமைப்பு ரொம்ப எளிது. மரையிட்டுக் கழற்றும் கைப்பிடி, அதன் மேல் ஒரு தலை, தலைக்குப் பின்பக்கம் கீல் போட்ட ஒரு மூடி. மூடியைத் திறந்து, பிளேடை வைத்து, மூடினால் டக்கென்று உட்கார்ந்துகொள்ளும். முன்விளிம்பின் இரு மூலைகளிலும் இரண்டு சின்ன முட்டுகள் இருக்கின்றன. பிளேடின் கூர் அவற்றில் போய் இடித்து நிற்க வேண்டும், அதைத் தாண்டி ஒரு மயிரிழைகூட முன்னே வரக் கூடாது. முழு ரேசரின் உயிரும் அந்த இரண்டு முட்டுகளில்தான். பழைய ஒற்றை விளிம்பு ரேசர் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் முதலில் அங்கே பார்க்க வேண்டும். முட்டு உடைந்திருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும்தான் ஆகும்.

என் இரண்டாவது ரேசரில் வலது முட்டு கச்சிதமாக இருந்தது. இடது முட்டு தேய்ந்திருந்தது. கீல் இறுக்கம். பல்வரிசை போன்ற காப்பில் ஒரு பல் லேசாக வளைந்திருந்தது. அப்புறம், எங்கும் சாம்பல் நிறத்தில் ஒரு மேலோடு.

அந்த மேலோட்டுக்குப் பயப்படத் தேவையில்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பதற்கும் இதற்கும் ஒரே காரணம்தான். நீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து நீரில் கரையாத ஒரு கசடாகிவிடுகிறது. ரேசரின் இடுக்குகளில் அது அடுக்கடுக்காகப் படிந்து, காலப்போக்கில் கல்லாகிறது. இந்த முறை நான் எடுத்தது வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். கொதிநீர் வேண்டாம். முலாமும் பித்தளையும் ஒரே அளவில் விரிவதில்லை, ஏற்கெனவே பிடிமானம் விட்ட இடத்தில் திடீர்ச் சூடு வேலையைக் காட்டிவிடும். இருபது நிமிடம் ஊறவைத்து, தேய்த்து, தண்ணீரை மாற்றி, மறுபடி ஊறவைத்து. மூன்றாவது தண்ணீரில்தான் கசடு அசைந்து கொடுத்தது. பல் குத்தும் குச்சியின் முனையைக் காப்புப் பற்களுக்கு இடையே விட்டு ஒவ்வொன்றாக நெம்பினேன். உலோகக் கருவி எதுவும் எடுக்கவில்லை. மரம் தோற்றால் மரம் முறியும், அதோடு போயிற்று.

வெளியே வந்த கசடை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தபோது அதில் கறுப்புப் பொடியாக ஏதோ தெரிந்தது. விளக்கின் அருகே கொண்டுபோனேன். முடித்துணுக்குகள். யாரோ ஒருவர் கடைசியாகச் சவரம் செய்து, சரியாகக் கழுவாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஆளின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் தாடி கொஞ்சம் என் கையில் இருந்தது. அருவருப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கழுவிவிட்டேன்.

சாம்பல் போனதும் அடியிலிருந்து பச்சை தெரிந்தது. பித்தளையில் பூக்கும் களிம்பு. செம்பில் களிம்பு என்று உவமை சொல்லிச் சொல்லியே வளர்ந்த மொழி இது. ஒட்டியிருக்கிறதா, உள்ளேயே ஊறியிருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுக்குக்கு அந்த உவமை. கையில் வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு சரி என்று தெரிகிறது. முலாமில் துளை விழுந்த இடத்தில்தான் பச்சை பூக்கும். பச்சையை எடுத்தால் கீழே குழி இருக்கும். குழியை எடுக்க முடியாது. பஞ்சுக் குச்சியை நீர் கலந்த வினிகரில் தொட்டு, பச்சை இருந்த இடத்தில் மட்டும் ஒற்றி, எண்ணி ஐந்தே நிமிடத்தில் குழாயடியில் காட்டினேன். பச்சை போயிற்று. குழி இருந்தது. புண்ணில் போடும் மருந்துக்கும் இதே பெயரை வைத்தவர்கள் யாரோ, எனக்கு அடுத்த வாரமே அந்தக் களிம்பும் தேவைப்பட்டது.

பாலிஷ் போடவில்லை. போட வேண்டும் என்று கை துடித்தது உண்மை. எந்த உலோகப் பாலிஷும் நுண்ணிய அரம்தான், தேய்க்கும் ஒவ்வொரு முறையும் முலாமில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் பளபளப்பைத் தரும். மூடியில் பொறித்த எழுத்துகளின் முனைகள் ஏற்கெனவே மழுங்கியிருந்தன. முந்தைய சொந்தக்காரர் யாரோ என்னைவிட ஆர்வக்கோளாறாக இருந்திருக்க வேண்டும். மென்மையான துணியால் துடைத்து, கீலில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு, மூடியைப் பத்துப் பதினைந்து தரம் திறந்து மூடினேன். கீல் இளகிவிட்டது. கடைசியாக 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு முக்கு. சுத்த ஆல்கஹால் இன்னும் நல்லதில்லையா என்று தோன்றும். இல்லை. அது சட்டென்று ஆவியாகிவிடும். கிருமியின் புரதத்தைக் குலைப்பதற்குத் தண்ணீரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

வளைந்த பல்லைத் தொடவில்லை. பழைய பித்தளையைத் திருப்பி வளைத்தால் முறியும். அது உள்பக்கமாக வளைந்திருந்ததால் தோலில் இடிக்கப்போவதும் இல்லை.

பிளேடுக்கு வருகிறேன். நான் முதலில் போட்டது, மேலே சொன்ன, கண்ணாடி சுரண்டும் பிளேடு. அளவு சரியாகப் பொருந்தியது, முதுகு சரியாக உட்கார்ந்தது, மூடி டக்கென்று மூடியது. ஆகவே இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. அது முடியை வெட்டவில்லை, பிடுங்கியது. சுரண்டுவதற்கான பிளேடு பூச்சு ஏதும் இல்லாத கார்பன் எஃகு. அதன் கூர் பெயின்ட்டுக்குப் போதும், முகத்துக்குப் போதாது. சவரத்துக்கென்றே வருவது துருப்பிடிக்காத எஃகில், டெஃப்லான் வகைப் பூச்சோடு வரும். அந்தப் பூச்சுதான் கூரை முடிக்குள் வழுக்கிக்கொண்டு போக விடுகிறது. உருவத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒரு கன்னம் சிவந்த பிறகு எனக்கு வித்தியாசம் பழகிவிட்டது.

சரியான பிளேடு போட்டதும் வேறு ஒரு ரேசர்.

இந்த பிளேடின் தடிமன் சுமார் 0.23 மில்லிமீட்டர். இரண்டு பக்கம் கூர் உள்ள வழக்கமான பிளேடு சுமார் 0.1 மில்லிமீட்டர். இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூட, இதில் என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். ஒரு தகடு வளைய மறுக்கும் பலம் தடிமனோடு நேராகக் கூடுவதில்லை, தடிமனின் மும்மடியாகக் கூடுகிறது. ஒரே அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், இது அதைவிடக் கிட்டத்தட்ட 11, 12 மடங்கு விறைப்பு. மெல்லிய பிளேடு தடித்த முடியில் இடிக்கும்போது கொஞ்சம் அதிர்ந்து, வளைந்து, தாண்டிப் போகும். இது வளையாது. நேராகப் போகும். முடி வழிவிட வேண்டியதுதான்.

எஃகுக்கும் முடிக்கும் நடக்கும் இந்தச் சண்டை நாம் நினைப்பதுபோல ஒருதலைப்பட்சமானதும் இல்லை. சவர பிளேடின் எஃகு முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. ஆனாலும் முடிதான் கடைசியில் பிளேடைச் சிதைக்கிறது. இதை எம்ஐடி ஆய்வாளர்கள் 2020-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழே சவரம் செய்து பார்த்துச் சொன்னார்கள். கூர் மெல்ல மெல்லத் தேய்ந்து மழுங்குவதைவிட, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், முடி சாய்வாக வளைந்து மோதும்போது ஒரு சின்னச் சில்லு பெயர்கிறது. ஈர முடி மென்மையாகிவிடும். அதனால் முகத்தை இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் நனைப்பது முகத்துக்கு மட்டும் செய்யும் உபசாரம் அல்ல, பிளேடுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது கோணம். எல்லாவற்றையும்விட எனக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான். கார்ட்ரிஜ் ரேசரில் தலை தானாக அசைந்து முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், நாம் எப்படிப் பிடித்தாலும் அது சமாளித்துக்கொள்ளும். இரட்டை விளிம்பு ரேசரில் கைப்பிடியைச் சாய்த்துக் கோணத்தைத் தேடுவோம். இந்த ரேசர் இரண்டுக்கும் இடம் கொடுப்பதில்லை. மூடியின் தட்டையான மேற்பரப்பைக் கன்னத்தில் அப்படியே படுக்கவைக்க வேண்டும். வெட்டவே வெட்டாது என்று தோன்றும் அளவுக்குத் தட்டையாக. பிறகு கைப்பிடியை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கூர் முடியைப் பிடிக்கும். அங்கேயே நில். அதுதான் கோணம். அதற்கு மேல் இறக்கினால் பிளேடு தோலைச் சுரண்ட ஆரம்பிக்கும்.

பழக்கதோஷம் விடவில்லை. வருஷக்கணக்காக அழுத்தி இழுத்துப் பழகிய கை. முதல் நாள் தாடை ஓரத்தில் வளைவு வந்ததும் கையும் வளைந்து, தன்னையறியாமல் அழுத்தி, ஒரு நூல் அளவுக்கு வெட்டு. ஆழமில்லை. ஆனால் தாடைக்கு ரத்தம் சிந்துவதில் எப்போதுமே தாராளம். படிகாரக்கல்லை நனைத்துத் தேய்த்தேன். படிகாரம் திசுவைச் சுருக்கி, புரதத்தை உறையவைத்து ரத்தத்தை நிறுத்தும். சின்ன வெட்டுக்குப் போதும். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. எங்கெல்லாம் அழுத்தினோமோ அங்கெல்லாம் சுள்ளென்று எரியும். வெட்டு தெரியாத இடத்திலும் எரியும். முதல் வாரம் என் கழுத்து முழுக்க எரிந்தது. ஆசிரியர் திருத்திக் கொடுத்த விடைத்தாள் மாதிரி, தப்பு செய்த இடமெல்லாம் சிவப்பு.

எனக்கு உதவியது காதுதான். தடித்த பிளேடு சத்தம் போடும். கோணம் சரியாக இருக்கும்போது காய்ந்த சருகின் மேல் விரல் ஓட்டுவது போல ஒரு சரசரப்பு, ஒரே சீராக. கோணம் தவறினால் சத்தம் செத்துவிடும். அழுத்தினால் சத்தம் தடித்துவிடும். கண்ணாடியைப் பார்த்து நான் செய்த தப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டியபோது பாதிக்கு மேல் தவிர்க்க முடிந்தது. கழுத்துக்கு மட்டும் கண்ணை மூட எனக்குத் தைரியம் இல்லை. அங்கே முடி ஒரு பக்கமாகப் படுப்பதில்லை. காதுக்குக் கீழே இறங்கிவந்து, தொண்டைக்கு அருகே சுழி போல வளைந்து, குறுக்கே போகிறது. இரண்டு நாள் தாடியில் விரலை நாலு திசையிலும் ஓட்டி, எந்தப் பக்கம் வழவழப்பு, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று பார்த்து வைத்துக்கொண்டேன். முதல் சுற்று முடி படுக்கும் திசையில். நுரை மறுபடி. இரண்டாம் சுற்று குறுக்கே. எதிர்த்திசையில் போவதை நான் விட்டுவிட்டேன். கன்னம் கண்ணாடி போல வழவழவென்று இருப்பது ஒரு நாள் சந்தோஷம், அதற்காகத் தோலுக்குள் சுருண்டு வளரும் முடியோடு ஒரு வாரம் மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

சோப்பு, பிரஷ் பற்றி நிறையப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். நான் இல்லை. நுரை ஈரமாக இருக்க வேண்டும், பிளேடு வரும் வரை காயக் கூடாது. அவ்வளவுதான்.

மேலுதடு இன்னும் சரிப்படவில்லை. ரேசரின் தலை பெரிது, மூக்குக்குக் கீழே இருக்கும் இடம் சின்னது. மூக்கைத் தூக்கிப் பிடித்து, உதட்டைப் பல்லின் மேல் இழுத்து மூடி, ரேசரைச் சாய்வாக நுழைத்து என்று ஒரு சர்க்கஸே நடக்கிறது. ஒழுங்காகச் செய்தவர்கள் அந்தக் காலத்தில் இருந்திருக்கத்தான் வேண்டும். இல்லை, இதனால்தான் இத்தனை பேர் மீசை வைத்திருந்தார்களோ என்னவோ.

ஆறு மாதமாக இந்த ரேசர்தான். ஒரு பிளேடு எனக்கு ஐந்தாறு சவரம் வருகிறது. முடித்ததும் மூடியைத் திறந்து, பிளேடை எடுத்து, முதுகைப் பிடித்து உதறி, தலையைத் துடைத்து வைக்கிறேன். திரும்பவும் அந்தச் சாம்பல் மேலோடு ஏறவிடக் கூடாது. வினிகரில் போன முதல் ரேசரை எறியவில்லை. அதன் முட்டுகள் இரண்டும் பழுதில்லாமல் இருக்கின்றன. முலாம் உரிந்த இடங்களைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டால் வெறும் பித்தளையாகவே ஓட்டலாம். செம்பு நிறம் இப்போது மங்கிப் பழுப்பாகிவிட்டது. ஒரு நாள் அதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவதில் அந்த இடது முட்டுத் தேய்மானத்துக்கு வழி ஒன்றும் கிடைக்கவில்லை. பற்றவைத்து ஏற்றலாம் என்று யோசித்தேன். அந்தச் சூட்டில் மிச்ச முலாம் என்ன ஆகும் என்று நினைத்ததும் கை பின்வாங்கிவிட்டது. அப்படியே விட்டால் பிளேடு இடதுபக்கம் ஒரு இழை முன்னே வந்து நிற்கும். ஆகவே தினமும் பிளேடை வைத்ததும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். காப்புக்கும் கூருக்கும் நடுவே தெரியும் வெளிச்சக் கோடு இரண்டு மூலையிலும் ஒரே அகலமாக வரும் வரை, பிளேடின் முதுகை இடது ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் பின்னே இழுக்கிறேன். சில நாள் ஒரே இழுப்பில் வரும். சில நாள் நாலைந்து ஆகும். அப்புறம்தான் மூடி.